ஒற்றை ஆள் சமாளித்த புயல்

மத்தியக் குழுவின் ஜீப் கொத்தங்காட்டில் வந்து நின்றபோது ஊராட்சித் தலைவி பவளக்கொடிக்கு இருந்த கவலை ஒன்றுதான்: தாய்மாமன் வைரக்கண்ணு வாயைத் திறந்துவிடக் கூடாது. புயலுக்குப் பின் ஊரில் ஓடு தங்கிய வீடே இல்லை. ஊராட்சி அலுவலகத்திலேயே அண்ணாந்தால் வானம் தெரிந்தது.

குழுத் தலைவர் தில்லியில் வேலை பார்க்கும் தஞ்சாவூர்க்காரர். நிதானமாகச் சொன்னார்.

"சின்னச் சேதம்னா மாநில அரசே பாத்துக்கணும்மா. மாநிலத்தால சமாளிக்க முடியாததுன்னாத்தான் மத்திய உதவி. இங்க அடிச்சது எந்த ரகம்?"

பவளக்கொடி பட்டியலை நீட்டுவதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமன் வந்துவிட்டார்.

"என்னங்கய்யா இப்படிக் கேட்டுப்புட்டீங்க? என் தென்னை நூத்திநாப்பதும் வேரோட கெளம்பிப் பறந்துருச்சு. மறுநா காலையில இலங்கையில எவனோ எளநி வெட்டிக் குடிச்சிருக்கான்."

"அது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டீக்கடை உத்திராபதி.

"வெட்டுன மட்டை எதிர்க்காத்துல திரும்பி வந்துச்சே."

அதிகாரியின் பேனா நகர்ந்தது. மாமன் பேச்சு பவளக்கொடிக்கு வாழ்நாளில் முதல்முறையாக இனித்தது.

"கெணத்தைப் பத்திச் சொல்லுங்க மாமா."

"அதை ஏன் தாயி கேக்குற? ஊர்க் கெணத்தைக் காத்து ஒறையோட உருவி, தூண் கணக்கா நிறுத்திருச்சுங்க. மூணு நாளு ஏணி வச்சு ஏறித்தான் தண்ணி மொண்டோம்."

"நான் கொழாயிலதானே புடிச்சேன்?" என்றார் உத்திராபதி.

"ஒனக்குத்தான் ஏணின்னா பயமாச்சே."

அதிகாரி சிரிக்கவில்லை. "அப்ப, யாராலயும் சமாளிக்க முடியாத புயல்னு எழுதிக்கலாமா?"

"எழுதிக்குங்கய்யா" என்றாள் பவளக்கொடி அவசரமாக.

வைரக்கண்ணுவின் முகம் சுருங்கியது. "யாராலயும்னு எப்படிங்க எழுதுவீங்க? நான் ஒருத்தன் இருக்கேன்ல?"

பவளக்கொடி அவர் காலை மிதித்தாள்.

"கால மிதிக்காத தாயி, கோர்வை விட்டுரும். துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டுக் கடக்கரைக்குப் போனேங்க. புயலோட வாலைப் புடிச்சேன். மூணு சுத்துச் சுத்தி விட்டேன் பாருங்க, வந்த வழியே ஓடிருச்சு. தொணைக்கு வந்த நாலு பேரையும் வேணாம்னுட்டேன். ஒத்த ஆளு!"

அதிகாரி பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"ஒத்த ஆளு சமாளிச்ச புயலை ஒரு மாநிலம் சமாளிக்காதாம்மா?"

ஜீப் கிளம்பியது. பிரிக்காத பட்டியல் பவளக்கொடியின் கையிலேயே இருந்தது. புழுதி அடங்கியதும் அவள் மாமன் பக்கம் திரும்பினாள்.

"மாமா" என்றாள்.

"என்னா தாயி?"

"புயலையே திருப்பி அனுப்புன ஆளுல்ல நீங்க? ஓடுங்க. அந்த ஜீப்பைத் திருப்பிக் கொண்டாங்க."