சுவரில் ஒட்டிய சாவி

சவரிமுத்து தன் மனைவி பிரகாசியைக் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சுவரில் மின்னிக்கொண்டிருந்த ரவுட்டரைக் காட்டினாள்.

"அது நீங்க மாட்டுனதா?"

"ஆமா."

"அப்போ சாயங்காலத்துக்குள்ள நின்னுரும்" என்று சிரித்தாள்.

அவர் காப்பி வாங்கிவரப் போனார். திரும்பி வந்தபோது ரவுட்டர் மின்னிக்கொண்டுதான் இருந்தது.

சவரிமுத்துவுக்கு ரவுட்டர் மாட்டும் இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் பெத்துராஜ். இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சு. டிவி ரிப்பேர் தொழில் படுத்துவிட்ட பிறகு சவரிமுத்து அவரிடம் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. முதலில் கேலியாகத்தான் "குருவே" என்றார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

பிரகாசி படுக்கையில் விழுந்ததும் சவரிமுத்துவால் அவளை விட்டு நகர முடியவில்லை. ஊருக்குள் தான் மாட்டிய ரவுட்டர் ஒவ்வொன்றிலும் வெளியிலிருந்து நுழைய ஒரு வழியைத் திறந்து வைத்தார். யார் வீட்டில், யார் கடையில் நெட் நின்றாலும் கட்டிலோரம் உட்கார்ந்தே சரிசெய்துவிடுவார். எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அவள் பெயரும் அவள் பிறந்த வருடமும்.

அவள் போன பிறகும் அதை மாற்றவில்லை. யாராவது "நெட் வரல அண்ணே" என்று கூப்பிட்டால், அவள் பெயரை ஒருமுறை அடிக்கலாம்.

ஒருநாள் ஒரு செய்தி வந்தது. பக்கத்து ஊரில் மருந்துக்கடை ரவுட்டருக்குள் எவனோ புகுந்துவிட்டான். கடைக்காரர் வங்கியின் இணையப் பக்கம் என்று நம்பி, அவன் திருப்பிவிட்ட போலிப் பக்கத்தில் ரகசிய எண்ணைப் போட்டிருக்கிறார். கணக்கைத் துடைத்து எடுத்துவிட்டார்கள்.

சவரிமுத்து பெத்துராஜிடம் ஓடினார்.

"குருவே, நான் மாட்டினதெல்லாம் பத்திரமா இருக்குமா?"

"வெளி வழியை மூடிட்டியா?"

"இல்ல. ஆனா பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. என் தலைக்குள்ள மட்டும்தான் இருக்கு."

பெத்துராஜ் சட்டையை மாட்டினார். "வண்டியை எடுலே."

பஸ் ஸ்டாண்டு சுவர் முன்னால் நிறுத்தச் சொன்னார். அங்கே பிரகாசியின் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மழையில் வெளுத்துப்போய் ஒட்டியிருந்தது. படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் பெயர். தோற்றம், மறைவு என்று இரண்டு வருடங்கள். அடியில் சவரிமுத்துவின் பெயர், தொழில், போன் நம்பர்.

பெத்துராஜ் தன் போனில் சவரிமுத்து வீட்டு ரவுட்டரின் முகவரியைப் போட்டார். நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். எழுத்து எழுத்தாக அடித்தார்.

திறந்தது.

"எத்தனை சுவர்ல ஒட்டினே?"

"ஊரு முழுக்க" என்றார் சவரிமுத்து. "ஒரு பய உள்ள போயிருந்தாலும் நான் இந்த ஊர்ல தலைகாட்ட முடியாது, குருவே."

"தலைகாட்டுறது இருக்கட்டும். முதல்ல உட்காரு."

எதிரே இருந்த டீக்கடையில் லேப்டாப்பை விரித்தார்கள். ஒவ்வொரு ரவுட்டராகத் திறந்து, யார் வந்துபோனார்கள் என்று பார்த்தார்கள். பாதுகாப்பு ஓட்டையை அடைக்க ரவுட்டர் கம்பெனி அனுப்பி, யாரும் கவனிக்காமல் கிடந்த புது மென்பொருளை ஏற்றினார்கள். வெளி வழியை மூடினார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாஸ்வேர்டு.

சவரிமுத்து டீயைத் தொடவே இல்லை. ஆஸ்பத்திரி, நகைக்கடை, சூசை வாத்தியார் வீடு. எதிலும் வேற்று ஆள் நுழைந்த தடம் இல்லை.

"ஒருத்தனும் வரல" என்றார் பெத்துராஜ். "உன் போஸ்டரை ஒருத்தனும் ஒழுங்காப் படிக்கல போல."

சவரிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொரு டீ சொன்னார்.

மிச்சம் இருந்தது அவர் வீடு ஒன்றுதான். அங்கே கை நின்றுவிட்டது.

"இதையும் மாத்திட்டா, அவ பேரை நான் அடிக்க ஒரு இடமும் இருக்காது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன், குருவே?"

பெத்துராஜ் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தார். பாஸ்வேர்டுக்கு மேலே, வைஃபையின் பெயர் இருக்கும் கட்டத்தில், கம்பெனிக்காரன் போட்ட எழுத்துகளும் எண்களும் கிடந்தன. எல்லாவற்றையும் அழித்துவிட்டு லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவ என்ன களவாணியா, பேரை ஒளிச்சு வைக்க? வாசல்ல வையிலே."

இப்போது அந்தத் தெருவில் யார் போனைத் திறந்தாலும், வைஃபை வரிசையில் பிரகாசி என்ற பெயர் வருகிறது. பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் இருக்கிறது.