சாய்த்துக் கேட்ட கேள்வி

உமாபதி சாரின் ஆய்வகத்தில் ஒரு படிகம் ஒளித்துகள்களை ஜோடி ஜோடியாகப் பெற்றுப் போடும். ஒன்று வலப்பக்கக் கருவிக்கு, ஒன்று இடப்பக்கக் கருவிக்கு. இரண்டுக்கும் முன்னால் ஆளுக்கொரு ஃபில்டர்.

"ஃபில்டரைத் திருப்புறதுதான் துகள்கிட்ட நாம கேக்குற கேள்வி" என்பார் சார்.

அடைக்கலம் கட்டுரையை அவர் மேசையில் வைத்தான். இது அச்சுக்குப் போனால்தான் பட்டம். ஏழு வருஷம் அந்த இருட்டறையில் உயிரை விட்டிருந்தான்.

"துகள் ரெண்டும் பின்னிப் பிணைஞ்சிருக்கு சார். ஃபில்டர் ரெண்டையும் நேரா வெச்சுப் பாத்தோம். ரெண்டு பக்கமும் ஒரே பதில்."

"ஒண்ணை மட்டும் சாய்ச்சப்போ?"

"அதுல இரைச்சல் சார், எண்ணிக்கை தாறுமாறா வந்துச்சு. தூக்கிட்டோம்."

கூட வேலை பார்த்த வேதவல்லியும் "இரைச்சல் சார்" என்றாள்.

சாய்த்தபோது பிணைப்பு எதுவும் தெரியவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கேன்டீனில் பேசி வைத்தது அச்சுப் பிசகாமல் வந்ததில் அவனுக்கு மூச்சு வந்தது.

சார் வேதவல்லியை வெளியே நிற்கச் சொன்னார்.

"இரைச்சல் எதனாலப்பா?"

"அன்னைக்கு ஏசி ஓடலை சார். கருவி சூடாகி, கண்டபடி எண்ண ஆரம்பிச்சிருச்சு."

"சரி. அந்த மூலையில நில்லு. வாயைத் திறக்காதே."

வேதவல்லி உள்ளே வந்தாள்.

"ஏம்மா, ஃபில்டரைச் சாய்ச்ச அன்னைக்குப் பூரா அந்த இருட்டறையிலேயே இருந்தியே, உடம்பு எப்படி இருக்கு?"

"சளி பிடிச்சுக்கிச்சு சார். அந்த ஏசி பேய் மாதிரி அடிக்குது. சால்வையைப் போத்திக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்."

அடைக்கலம் கண்ணை மூடிக்கொண்டான்.

சார் கட்டுரையை அவன் பக்கம் தள்ளினார்.

"சார், சாய்ச்சதுல ஓரளவு நல்லா வந்ததை மட்டும் சேத்துடறேன். ஒண்ணே ஒண்ணு. யார் பாக்கப் போறா?"

சார் கையெழுத்துப் போட எடுத்திருந்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

அவனுக்குத் தலைக்கேறிவிட்டது. "ஏழு வருஷம் சார்! சளியைக் கேட்டு அதுல மண்ணைப் போட்டுட்டீங்க. எனக்கு ஒரு கேள்வி, இவளுக்கு வேற கேள்வியா? ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தா நாங்க மாட்டியிருப்போமா?"

"மாட்டியிருக்க மாட்டீங்க" என்றார் சார். "அந்த ஒளிகிட்ட நீயும் அப்படித்தானேப்பா கேட்டுட்டு வந்திருக்கே."