முப்பத்தேழாம் டோக்கன்

"கண்டுபிடிச்சிட்டேன் மேடம். மனச்சோர்வு ரத்தத்துலயே தெரியுது."

தில்லைநாயகம் கதவைத் தட்டவில்லை. வயது நாற்பத்தாறு. கல்லூரி வாத்தியார் வேலையை உதறிவிட்டு, தன்னைவிட நான்கு வயது இளையவரான ஹம்சவேணியிடம் ஆராய்ச்சி கற்க வந்து ஆறு வருஷம் ஆகிறது. கதவு தட்ட மட்டும் இன்னும் கற்கவில்லை.

ஹம்சவேணி மனநல ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கட்டடத்தில் ஆய்வுக்கூடம் நடத்துபவர். சாத்துக்குடி உரித்துக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்க, நாயகம்."

"எண்பது நோயாளி. எண்பது நல்ல ஆள். எல்லாருக்கும் காலையில ஒன்பது மணிக்கு, வெறும் வயித்துல எடுத்த ரத்தம். நல்ல ஆளுங்களுக்குக் கார்ட்டிசால் பத்து, பதினொண்ணு. நோயாளிங்களுக்கு இருபது. ரெண்டு மடங்கு மேடம்!"

கார்ட்டிசால் என்பது, உடம்பு நெருக்கடியில் மாட்டிக்கொண்டால் ரத்தத்தில் ஏறுகிற ஒரு சுரப்பு. அது ஹம்சவேணிக்கும் தெரியும். அதனால் அவர் சாத்துக்குடியை விடவில்லை.

"இதைச் சொல்ல இவ்வளவு மூச்சு வாங்குவானேன்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு உங்க கையெழுத்து போட்ட ரிப்போர்ட் வேணும். என் தங்கச்சிக்கு."

தங்கை செண்பகம். முசிறியில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டாவது குழந்தை பிறந்ததிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். தலை வாருவதில்லை. குழந்தை அழுதால் திரும்புவதுமில்லை. டாக்டர் மனச்சோர்வு என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். மாமியார் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, "சோம்பேறித்தனத்துக்கு இங்கிலீஷ்ல இப்படி ஒரு பேரு வெச்சிருக்கானுங்களா?" என்று கேட்டாள்.

"நடிப்புங்கறாங்க மேடம். வெள்ளிக்கிழமை ரெண்டு குடும்பமும் உக்காந்து பேசுறோம். 'நோய்னா ரத்தத்துல காட்டு, வெச்சுப் பாத்துக்கிறோம். இல்லேன்னா உன் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போ, பிள்ளைங்க இங்கதான் இருக்கும்'னு சொல்லிட்டாங்க. அவ ரத்தத்துல இருபத்தொண்ணு இருக்கு. ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

ஹம்சவேணி விதைகளைக் காகிதத்தில் துப்பினார்.

"அந்த எண்பது நோயாளிகளைப் பாத்திருக்கீங்களா?"

"அவங்க ரத்தத்தைப் பாத்தேன்."

ரத்தம் தில்லைநாயகத்திடம் ஐஸ் பெட்டியில் வரும். ஆட்கள் வருவதில்லை. வெளிநோயாளிப் பிரிவு இருநூறு அடி தூரம்தான். வழியில் ஒரு வேப்பமரம்கூட உண்டு, நிழலுக்கு. ஆறு வருஷத்தில் ஒருநாளும் அவர் அந்தப் பக்கம் போனதில்லை.

"நல்ல ஆளுங்க யாரு?"

"நம்ம ஹாஸ்டல் பிள்ளைங்க, ஆபீஸ்காரங்க. முதல் ஆளே நான்தான்."

"உங்களுக்கு எவ்வளவு?"

"பத்து."

"நாளைக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கு வெளிநோயாளிப் பிரிவுக்குப் போங்க. கோட்டு வேண்டாம். அடையாள அட்டையும் வேண்டாம். பச்சைத் தண்ணிகூடக் குடிக்காதீங்க. டோக்கன் வாங்கிட்டு உக்காருங்க."

"கையெழுத்து?"

"உக்காருங்க."

*

டோக்கன் முப்பத்தேழு. பெஞ்சு பாதி உடைந்திருந்தது. உடையாத பாதியில் ஏற்கெனவே ஐந்து பேர்.

ஆறு மணிக்குக் காவலாளி வந்தார். "யோவ், காலை மடக்கு. மாமனார் வீட்டுக்கு விருந்துக்கா வந்திருக்க?"

தில்லைநாயகம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நான்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"நீதான். உன்னத்தான்."

பக்கத்தில் ஒரு அம்மாள், தூங்கி விழுகிற கணவரைத் தோளில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எதுத்துப் பேசாதீங்கண்ணே. டோக்கனைப் பின்னாடி தள்ளிருவான். நாங்க கறம்பக்குடி. ராத்திரி ஒரு மணிக்குக் கெளம்புனோம், ரெண்டு பஸ் மாறி. நீங்க யாருக்குப் பாக்க வந்தீங்க?"

"எனக்குத்தான்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "கூட ஆள் இல்லாமயா விட்டாங்க?"

"வரல."

"எத்தனை வருஷமா இருக்கு?"

"ஆறு வருஷமா."

"ச்சு. பாத்தா தெரியவே இல்லையே."

ஏழு மணிக்கு மூத்திரம் முட்டியது. எழுந்தால் இடம் போய்விடும். எழவில்லை. எட்டு மணிக்கு டீக்கடை வாசனை வந்தது. கறம்பக்குடிக்காரர் திடீரென்று விழித்து அழ ஆரம்பித்தார். வரிசையே திரும்பிப் பார்த்தது. அவர் மனைவி முந்தானையால் அவர் முகத்தை மூடினாள், துடைப்பதுபோல.

எட்டரைக்குக் காவலாளி வாசல் டீக்கடைக்காரரிடம் சத்தமாகச் சொன்னார்: "பைத்தியங்களுக்கெல்லாம் இன்னிக்கு என்ன அவசரம் பாரு."

தில்லைநாயகத்தின் உள்ளங்கை வியர்த்தது. காது சுட்டது. எண்ணிப் பார்த்தால் அவர் செய்த குற்றம் பெஞ்சில் உட்கார்ந்தது ஒன்றுதான்.

ஒன்பது மணிக்குக் கூப்பிட்டார்கள். "முப்பத்தேழு! காது கேக்கலியா? முப்பத்தேழு!"

ரத்தம் எடுத்தார்கள். அது ஐஸ் பெட்டியில் ஏறியது.

*

மறுநாள் கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"மெஷின்ல கோளாறு மேடம்."

"எவ்வளவு காட்டுது?"

"இருபத்திரண்டு. ரெண்டாவது தடவை ஓட்டினேன். மறுபடியும் இருபத்திரண்டு."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. போன தடவை உங்களுக்கு எங்க வெச்சு எடுத்தாங்க?"

"நம்ம ஏசி ரூம்ல. சாய்வு நாற்காலி. ஒரு பத்திரிகை படிச்சிட்டிருந்தேன்." குரல் தேய்ந்தது. "ஹாஸ்டல் பிள்ளைங்களுக்கும் அங்கதான்."

"தங்கச்சி எப்படி வந்தாங்க?"

"முசிறியிலேர்ந்து, ராத்திரி பஸ்ல. கைக்குழந்தையோட வந்து, டோக்கன் வாங்கி."



தில்லைநாயகம் உட்கார்ந்தார். உட்காரச் சொல்லாமலே. "அப்போ நான் அளந்தது நோயை இல்ல. அந்த பெஞ்சை."

"ஒரு ஆளை வெச்சு அதையும் சொல்லிட முடியாது. பெஞ்சும் இருக்கலாம், நோயும் இருக்கலாம், ரெண்டும் இருக்கலாம். எண்பது நோயாளிங்களையும் ராத்திரி இங்கயே தங்க வைங்க. காலையில அதே சாய்வு நாற்காலியில உக்காரவெச்சு மறுபடி எடுங்க. ஒரு வருஷம் ஆகும்."

"வெள்ளிக்கிழமை நாளைக்கழிச்சு மேடம்."

"தெரியும்."

"ஒரு கையெழுத்துதானே? அவங்களுக்கு என்ன தெரியப் போகுது? என் தங்கச்சிக்குப் பிள்ளைங்க கிடைக்கும்."

"அடுத்த மாசம் அந்த மாமியாரே அவங்களை ஏசி ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி இன்னொரு லேப்ல எடுத்தா? பத்துன்னு வந்தா?"

வெளியே யாரோ ஐஸ் பெட்டியை இறக்கும் சத்தம்.

"அப்போ நான் அங்க என்னத்தை எடுத்துட்டுப் போறது? வெறுங்கையோட போயி, 'அவ பொய் சொல்லல, எனக்குத் தெரியும்'னு நின்னா சிரிப்பாங்க. 'அண்ணங்காரன் வேற எப்படிச் சொல்லுவான்'னு கேப்பாங்க."

"கேக்கட்டும். உங்களுக்குத் தெரியுமா?"

"என்ன மேடம் இது? அவ என் கூடப் பிறந்தவ. எனக்குத் தெரியாதா?"

ஹம்சவேணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாமியார் ரத்தத்துல காட்டச் சொன்னது எப்போ?"

"போன வாரம்."

"நீங்க தங்கச்சிக்கு ரத்தம் எடுக்கச் சொன்னது எப்போ?"

தில்லைநாயகம் ஐஸ் பெட்டி இறங்கிய பக்கம் பார்த்தார்.

"போன வருஷம்."

"அப்போ ரத்தத்துல சாட்சி கேட்டது யாரு, நாயகம்?"