செவலைக் கோழி தேடிய இடம்

மேகங்கள் இன்னும் உயரப் பறக்கப் பழகாமல், பனைமர உயரத்திலேயே மேய்ந்துகொண்டிருந்த காலம் அது. சாயங்காலம் ஆடுகளைப் பட்டியில் அடைக்கிற மேய்ப்பர்கள் ஒன்றிரண்டு மேகங்களையும் சேர்த்து அடைத்துவிட்டு, "அடடே, மந்தை பெருத்துருச்சே!" என்று மகிழ்ந்து போவார்கள். விடிந்து பார்த்தால் பட்டி நனைந்திருக்கும், அவ்வளவுதான். நம்புகிறவர்கள் முன்னால் வாருங்கள். நம்பாதவர்கள் பின்னால் போய் உட்கார்ந்து நம்பாமல் கேளுங்கள்.

அந்தக் காலத்தில் சித்தாண்டி என்று ஒருவன் இருந்தான். அவன் தொண்டைக்குள் ஒரு காடும் ஒரு சந்தையும் குடியிருந்தன. பருந்து மாதிரி வீறிடுவான். பூனை மாதிரி இழுப்பான். நரி மாதிரி ஊளையிடுவான். மனிதக் குரல் என்றால் இன்னும் சுலபம். ஒரு முறை கேட்டால் போதும், அந்தக் குரலை உரித்து எடுத்துத் தான் போட்டுக்கொள்வான்.

குரல் இருந்தால் போதுமா? வாலும் இருந்தது அவனுக்கு, கண்ணுக்குத் தெரியாத வால். ஓர் ஊரில் சாமி சிலைக்குப் பின்னால் ஒளிந்து, "பொங்கல் புளித்துவிட்டது பக்தா, வடை கொண்டா" என்றான். பூசாரி மூன்று நாள் வடை சுட்டார். இன்னோர் ஊரில் மாமியார் குரலில், "நீ போய்ப் படு தாயீ, நான் சமைக்கிறேன்" என்றான். அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை, மற்றதெல்லாம் எரிந்தது. மூன்றாவது ஊரில் தண்டோராக்காரன் குரலில், "அரசருக்கு மொட்டை போட்டாச்சு, எல்லாரும் போடுங்கள்" என்றான். ஊரே மொட்டை.

மூன்று ஊரிலும் துரத்தினார்கள். அதனால் சித்தாண்டி எங்கே தங்கினாலும் தன் கூத்துக் காலத்து வேஷப்பொதியை மட்டும் அவிழ்க்கவே மாட்டான். ராஜா சட்டை, ராணி சேலை, இலவம்பஞ்சு திணித்த குரங்கு வால், எல்லாம் அதற்குள். இறுக முடிச்சுப் போட்டு வாசல் முளையில் மாட்டி வைப்பான். ஓடுகிறபோது ஒரே இழுப்பு, தோளுக்கு வந்துவிடும்.

அவன் மனைவி பூமயிலுக்கு ஓடி ஓடிக் கால் சலித்துவிட்டது. அவள் மடியில் ஒரு கைப்பிடி அவரை விதை இருந்தது. ஒவ்வோர் ஊரிலும் அதை ஊன்றுவாள். ஒவ்வோர் ஊரிலும் கொடி பந்தல் ஏறும். காய் பிடிக்கிறதற்குள் ஓட வேண்டி வரும். தான் ஊன்றிய கொடியில் தானே ஒரு காய் பறித்ததில்லை அவள். கடைசியாக மூன்றே மூன்று விதை மிஞ்சியிருந்தபோது அவர்கள் ஈச்சம்பள்ளம் என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது ஆடி மாதம்.

"ஆடி அவரை தேடிப் போடுன்னு சொல்லுவாங்க" என்றாள் பூமயில். "தேடியாச்சு. இங்கதான் போடப் போறேன். இனி ஓடுறதா இருந்தா நீ மட்டும் ஓடு."

ஈச்சம்பள்ளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியூர்க்காரர் குடியிருக்க வந்தால் ஊரார் அவர்களிடம் குலம் கேட்க மாட்டார்கள், கோத்திரம் கேட்க மாட்டார்கள், போன ஊரில் ஏன் துரத்தினார்கள் என்றும் கேட்க மாட்டார்கள். மூன்று விடைக்கோழிகளைக் கையில் கொடுப்பார்கள். இன்னும் ஒரு முட்டைகூட இடாத இளங்கோழிகள்.

ஊர் மணியக்காரர் ஒண்டிமுத்து இருமிக்கொண்டே விளக்கினார். அவருக்கு இருமல்தான் முற்றுப்புள்ளி.

"கோழி பயந்த இடத்துலே முட்டையிடாது. ஹக்கும்! நிலையில்லாத இடத்துலயும் இடாது. ஹக்கும்! கார்த்திகை விளக்கு ஏத்துறதுக்குள்ளே உன் கோழி உன் வாசல்லே ஒரு முட்டை இட்டுச்சுன்னா, இது உன் வீடு, நீயும் விளக்கேத்தலாம். இல்லேன்னா விடிஞ்சதும் வழியைப் பார்த்துப் போயிடணும். ஹக்கும்!"

"ஹக்கும்!" என்றான் சித்தாண்டி, அதே இருமலில். மணியக்காரர் தன் தொண்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தான்தான் இன்னொரு முறை இருமிவிட்டோமோ என்று.

மூன்று கோழிகள். ஒன்று கருப்பி, ஒன்று புள்ளி, ஒன்று செவலை. கருப்பி பயந்தவள். புள்ளி தின்னிப்பண்டாரம். செவலைதான் யோசனைக்காரி, ஒற்றைக் காலில் நின்று, ஒற்றைக் கண்ணால் உலகத்தைப் பார்ப்பாள்.

காத்திருப்பு தொடங்கியது.

பூமயில் மூன்று மண்சட்டிகளில் வைக்கோல் பரப்பி மூன்று மூலைகளில் வைத்தாள். பந்தல்காலடியில் மூன்று அவரை விதைகளை ஊன்றினாள். தினமும் காலையில், பனி வாசலில் பாய் விரித்துப் படுத்திருக்கும் நேரத்தில், பஞ்சாரத்தைத் தூக்கிக் கோழிகளைத் திறந்துவிடுவாள்.

முட்டைக்கு வந்த கோழிக்குக் கொண்டை சிவக்கும், முதுகில் கை வைத்தால் ஓடாமல் பம்மும். "கொண்டை சிவந்திருச்சா?" என்று உள்ளேயிருந்து கேட்பான் சித்தாண்டி.

"வெளுப்புத்தான்."

"முதுகுல கை வெச்சா பம்முதா?"

"ஓடுது."

"அவரை?"

"அது ஓடலை. அதுக்காவது புத்தி இருக்கு."

ஆடி போனது. ஆவணி போனது. நாட்கள் நூல்கண்டு உருள்கிற மாதிரி சத்தமில்லாமல் உருண்டன. மதியம் வாசலில் வெயில் தூங்கும். வெயிலுக்குள் கோழிகள் மண்குளித்துத் தூங்கும். கோழிகளின் தூக்கத்துக்குள், யார் கண்டது, வெள்ளையாய் உருண்டையாய் ஏதோ ஒன்று மிதந்துகொண்டிருக்கும்.

ஆனால் சித்தாண்டியால் சும்மா இருக்க முடியவில்லை. வாய் நமநமத்தது. திடீரென்று பருந்தாய் வீறிடுவான். மூன்று கோழிகளும் வேலிக்குள் பாயும். அவன் விழுந்து விழுந்து சிரிப்பான். செவலைக்கு வாசல் முளையில் தொங்கும் பொதியின்மேல் ஒரு கண். மெல்ல மெல்ல வரும், எம்பிக் குதிக்கும், முடிச்சைக் கொத்தும். "மியாவ்!" என்பான் அவன். செவலை இறகு பறக்க ஓடும்.

"ஏன் அதை விரட்டுறே?" என்பாள் பூமயில்.

"என் பொதியைக் கொத்துதே! முடிச்சு அவிழ்ந்துட்டா?"

"அவிழ்ந்தா என்னவாம்? குரங்கு வால் குதிச்சு ஓடிருமா?"

அவன் முடிச்சை இன்னும் இறுக்குவான்.

புரட்டாசி போனது. ஐப்பசி அடைமழையாய்க் கொட்டித் தீர்த்தது. அவரை பந்தல் ஏறி ஊதா ஊதாவாய்ப் பூத்தது. கோழிகளோ சட்டிப் பக்கமே போகவில்லை. கார்த்திகை பிறந்ததும் சித்தாண்டி விளக்கு நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினான். வேறு என்ன செய்வான்? தனக்குத் தெரிந்ததைச் செய்தான்.

சந்தைக்குப் போய் மடியில் ஒரு முட்டையைக் கட்டிக்கொண்டு வந்தான். யாரும் பார்க்காதபோது அதை மூலைச் சட்டி வைக்கோலில் வைத்தான். வீட்டுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, முட்டையிட்ட கோழி கேறுகிற மாதிரியே கேறினான்.

"கொக்... கொக்... கொக்... கொக்கேக்! கொக்... கொக்... கொக்கேக்!"

ஆகா, என்ன கேறல்! அசல் கோழி கேட்டால் வெட்கப்பட்டு வேறு தொழில் தேடியிருக்கும். ஊர் திரண்டு ஓடி வந்தது. முன்னால் மணியக்காரர், "ஹக்கும், ஹக்கும்" என்று ஓடி வந்தார்.

சட்டியைப் பார்த்தார். முட்டை இருந்தது. பிறகு கீழே குனிந்து தன் காலடியைப் பார்த்தார்.

"ஏம்பா சித்தாண்டி," என்றார் நிதானமாக, "கருப்பி, புள்ளி, செவலை மூணும் இவ்வளவு நேரம் என் வீட்டுக் களத்துலே மேய்ஞ்சுட்டு இருந்துச்சு. இப்போ என் பின்னாலதான் ஓடி வந்திருக்கு. அப்போ கேறுன நாலாவது கோழி எது?"

பக்கத்து வீட்டுச் சடைச்சி வேலிக்கு மேலே தலையை நீட்டினாள். "அந்தக் கோழிக்கு மீசை இருக்கு மணியம்! நான் பார்த்தேன்!"

ஊரே சிரித்தது. மணியக்காரர் சிரிக்கவில்லை.

"இனி உன் வாசல்லே சத்தம் செல்லாது. கார்த்திகை அன்னிக்கு ஊரே வந்து உட்காரும். எங்க கண்ணு முன்னாடி கோழி முட்டையிடணும். ஹக்கும்!"

சித்தாண்டி தலை நிமிரவில்லை. பூமயில் திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் குரலில் தன்னைத்தானே திட்டிப் பார்க்கக்கூட வார்த்தைகள் தயாராக இருந்தன. அவள் திட்டவில்லை. குடத்தை எடுத்துப் போய் அவரைக்குத் தண்ணீர் ஊற்றினாள்.

"சடைச்சிக்கா," என்றாள் வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்து, "நாங்க போனதுக்கப்புறம் இதுக்குத் தண்ணி ஊத்துவீங்களா? தையிலே காய்க்கும். நீங்களாவது பறிச்சுக்குங்க."

அந்தக் குரலைச் சித்தாண்டி கேட்டான். அந்த ஒரு குரலை மட்டும் அவனால் உரித்து எடுத்துப் போட்டுக்கொள்ள முடியவில்லை. அது தொண்டையில் ஏறவில்லை. நெஞ்சில் இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

அன்றிலிருந்து அவன் வாய் திறக்கவில்லை. பருந்து இல்லை, பூனை இல்லை, நரி இல்லை. வாசலில் உட்கார்ந்து அரிசி நொய்யை உள்ளங்கையில் வைத்து நீட்டினான். முதல் நாள் கோழிகள் தூரத்திலேயே நின்றன. அடுத்த நாள் பக்கத்தில் வந்தன. அதற்கடுத்த நாள் புள்ளி அவன் கையையே தின்றுவிடும் போலக் கொத்தியது. அப்போதுதான் அவன் முதன்முறையாகக் காதுகொடுத்துக் கேட்டான், கோழிகள் எவ்வளவு பேசுகின்றன என்று. தூங்கப் போகும்போது ஒரு முனகல். மேகம் தாழ வந்து கூரையை உரசினால் ஒரு வியப்பு. மண்ணைக் கிளறும்போது ஒரு பாட்டு. இத்தனை நாளும் தன் சத்தத்தில் இதெல்லாம் கேட்கவில்லையே என்று நினைத்துக்கொண்டான்.

"கொண்டை சிவந்திருச்சு," என்றாள் பூமயில் ஒருநாள், ரகசியம் சொல்வது போல. "செவலைக்கு."

முதுகில் கை வைத்தான். செவலை ஓடாமல் அப்படியே பம்மி உட்கார்ந்தது. ஆனால் முட்டை வரவில்லை.

கார்த்திகை விளக்கு நாள் வந்தது.

காலையிலேயே ஊர் வந்து வாசலில் வட்டமாக உட்கார்ந்தது. பனி இன்னும் விலகவில்லை. எல்லாருடைய தலைகளும் வெள்ளைக்குள் மிதந்தன. சித்தாண்டி முளையிலிருந்து பொதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பந்தல்காலில் சாய்ந்து உட்கார்ந்தான். எப்படியும் போகத்தானே போகிறோம்.

செவலை எழுந்தது. "க்கோ... ஓ... ஓ..." என்று இழுத்து முனகிக்கொண்டே நடந்தது. முதல் சட்டியை எட்டிப் பார்த்தது, வேண்டாம் என்றது. இரண்டாவது சட்டியில் ஒரு கால் வைத்தது, எடுத்துக்கொண்டது. மூன்றாவது சட்டிக்குள் ஏறி உட்கார்ந்தது, ஊர் மூச்சைப் பிடித்தது, இறங்கிவிட்டது.

பிறகு நேராகச் சித்தாண்டியிடம் வந்தது. பொதியின் முடிச்சைக் கொத்தியது. ஒற்றைக் கண்ணால் அவன் முகத்தைப் பார்த்தது. மறுபடி கொத்தியது. மறுபடி பார்த்தது.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஆடியிலிருந்து இது இதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறது! இருட்டும் மெத்தென்ற துணியும் கட்டிக் கிடக்கும் ஒரே இடம் இந்தப் பொதிதான். அதை அவன்தான் முடிந்து முடிந்து வைத்திருந்தான்.

விரல்கள் முடிச்சுக்குப் போயின. அந்த விரல்களுக்கு முடியத்தான் தெரியும், அவிழ்க்கத் தெரியாது. நகம் நுழையவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். எத்தனையோ ஊர் வழி பார்த்த முடிச்சு ஒரு பெருமூச்சுப் போல அவிழ்ந்தது. ராஜா சட்டையும் ராணி சேலையும் மடியில் சரிந்து விரிந்தன. பொதி இனி தோளில் ஏறாது.

செவலை உள்ளே ஏறியது. ஒரு சுற்று சுற்றியது, இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று. குரங்கு வாலை அலகால் இழுத்துத் தன் பக்கம் அணைத்துக்கொண்டது. கண்ணை மூடியது.

ஊர் அசையவில்லை. மேகம் ஒன்று பந்தலுக்கு இறங்கி அதுவும் பார்த்தது. அவரைப் பூவிலிருந்து ஒரு துளி விழலாமா வேண்டாமா என்று யோசித்தது. அந்த நேரம் பார்த்து மணியக்காரருக்கு இருமல் வந்தது. மனிதர் மேல்துண்டை முழுசாக வாய்க்குள் திணித்துக்கொண்டார். அவர் முகம் செவலையின் கொண்டையைவிடச் சிவந்தது. ஆனால் இருமவில்லை.

எவ்வளவு நேரம் போனது என்று யாருக்கும் தெரியாது. கனவுக்குள் இருக்கிறவர்களிடம் நேரம் கேட்கக் கூடாது.

செவலை எழுந்தது.

ராஜா சட்டையின் மார்பில் ஒரு முட்டை இருந்தது. சின்னஞ்சிறு முட்டை. முதல் முட்டை என்பதற்குச் சாட்சியாக அதன்மேல் இழை போல ஒரு ரத்தக் கோடு. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

ஆனால் செவலை கேறவில்லை. பாவம், அதற்கும் இது முதல் தடவை. முட்டையைப் பார்த்தது, ஊரைப் பார்த்தது, அலகைத் திறந்தது, சத்தம் வரவில்லை. சித்தாண்டியைப் பார்த்தது.

ஊரும் சித்தாண்டியைப் பார்த்தது. அவனோ வாயை இறுக மூடிக்கொண்டிருந்தான்.

மணியக்காரர் வாயிலிருந்து துண்டை உருவினார். "ஹக்கும்! ஏண்டா முழிக்கிறே? பிள்ளைக்குக் கேறத் தெரியலேடா. சொல்லிக் குடு!"

"கொக்... கொக்... கொக்... கொக்கேக்!" என்றான் சித்தாண்டி. கண்ணில் தண்ணீர் வழிய வழியக் கேறினான். செவலை தலையைச் சாய்த்துக் கேட்டது. பிறகு தானும் தொடங்கியது. அதைக் கேட்டுப் புள்ளி, புள்ளியைக் கேட்டுக் கருப்பி, கருப்பியைக் கேட்டுச் சடைச்சி வீட்டுக் கோழிகள், கடைசியில் சடைச்சியும்! ஈச்சம்பள்ளமே கேறியது. பயந்துபோன மேகங்கள் அன்றைக்குத்தான் மேலே ஏறினவாம். இன்னும் இறங்கவில்லை.

அன்று மாலை அவர்கள் வாசலில் அகல்விளக்கு எரிந்தது. தை மாதம் பூமயில் தான் ஊன்றிய கொடியில் தானே அவரைக்காய் பறித்தாள். ஒரு பிடி மணியக்காரருக்கு, ஒரு பிடி சடைச்சிக்கு, ஒரு பிடி தன் உலைக்கு. முதல் காயை மட்டும் யாருக்கும் கொடுக்காமல், நின்ற இடத்திலேயே பச்சையாகக் கடித்துத் தின்றாள்.

சித்தாண்டி குறும்பை விட்டுவிட்டானா என்று கேட்கிறீர்களா? விடுவானா! மணியக்காரரின் இருமல் இன்றைக்கும் அந்த ஊரில் இரண்டு பக்கத்திலிருந்து கேட்கும். ஆனால் ஊரார் துரத்த வந்தாலும் அவனால் ஓட முடியாது. பொதிக்குள் செவலை அடைகாத்துக்கொண்டிருக்கிறதே!

ஓடுவதற்கென்று முடிந்து வைத்த பொதியை அவிழ்க்காதவன் எவ்வளவு காத்திருந்தாலும், எந்த மண்ணும் அவனுக்கு வீடாகாது.