ராஜவீதியில் ஒரு சைக்கிள் வழி

முன்னொரு காலத்தில், அதாவது சைக்கிள் வந்துவிட்ட பிறகும் ராஜாக்கள் போகாமல் இருந்த காலத்தில், ஒரு ராஜ்யத்தில் ஒரு ராஜா இருந்தார். சீமையிலிருந்து அவருக்கு ஒரு சைக்கிள் வந்தது. அரண்மனைத் தோட்டத்தில் ஓட்டிப் பழகினார். அவர் விழும்போதெல்லாம் சேவகர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நன்றாகப் பழகியதும் தோட்டத்தையே சுற்றி வருவது அலுத்துப்போயிற்று. ஒருநாள் காலையில் சாதாரண வேட்டி சட்டையோடு, தலையில் முண்டாசு கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் ராஜவீதிக்கு ஓட்டிப் போனார்.

ராஜவீதி அரண்மனை வாசலில் தொடங்கி ஆற்றங்கரைச் சந்தை வரைக்கும் போகும் அகலமான வீதி. அகலம் என்பது பேச்சுக்குத்தான். சபைக்கு வரும் பிரபுக்கள் தங்கள் சாரட்டு வண்டிகளை வீதியின் இரண்டு ஓரங்களிலும் வரிசையாக நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுவார்கள். குதிரைகளை அவிழ்த்து நிழலுக்குக் கொண்டுபோவார்கள். வண்டிகள் பொழுது சாயும் வரை அங்கேயே நிற்கும். வண்டி நிறுத்துவதற்கென்றே அரண்மனைக்குப் பின்னால் ஒரு பெரிய லாயம் இருந்தது. அங்கிருந்து சபைக்குக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும் என்பதால் அதில் புல் முளைத்துக் கிடந்தது. மிச்சமிருந்த நடுவழியில்தான் மாட்டுவண்டியும் பல்லக்கும் தலைச்சுமைக்காரர்களும் சைக்கிள்காரர்களும் நெருக்கியடித்துப் போய்வந்தார்கள்.

ராஜா பாதி வீதி போயிருப்பார். எதிரே ஒரு சாரட்டு வேகமாக வந்தது. ஒதுங்க இடமில்லாமல், நின்றிருந்த இரண்டு வண்டிகளுக்கு நடுவே இருந்த சந்தில் திரும்பினார். சந்துக்கு அப்பால் சாக்கடை. அங்கே அவருக்கு முன்பாகவே ஒரு பெண் சைக்கிளோடு விழுந்து கிடந்தாள்.

"தம்பி, முதல்ல உன் சைக்கிளை என் கால் மேலேருந்து எடு" என்றாள் அவள்.

அவள் பெயர் உண்ணாமுலை. ஊருக்கெல்லாம் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. அப்போதும் நெசவாளர் தெருவில் ஒரு பிரசவத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். போன மாதமும் இதே வீதியில் இப்படித்தான் விழுந்தாளாம். எழுந்து போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது, தாய் பிழைத்தது மறுபிழைப்பு என்று சொல்லிக்கொண்டே கையைத் தடவிப் பார்த்தாள். மணிக்கட்டு வீங்கியிருந்தது. இதை அரண்மனையில் போய்ச் சொல்லக் கூடாதா என்று ராஜா கேட்டார்.

"தள்ளிவிட்டதே அரண்மனைக்குப் போற வண்டி. அப்புறம் யாருகிட்ட போய்ச் சொல்றது?" என்றாள். கோணிப்போன கைப்பிடியை முழங்காலில் கொடுத்து நிமிர்த்திக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ராஜா அரண்மனைக்குத் திரும்பிக் குளித்தார். மறுபடியும் குளித்தார். பிறகு சபையைக் கூட்டி, ராஜவீதியில் சைக்கிள்களுக்கென்று தனி வழி போட வேண்டும் என்று உத்தரவிட்டார்.

சபையில் பெரிய மந்திரியாக இருந்தவர் சபாநாயக ராயர். வீதியில் நிற்கும் சாரட்டுகளில் முதலில் நிற்பது அவருடையது. ராஜாவின் பேச்சை அவர் எப்போதும் மறுத்ததில்லை. ஆமாம் என்று சொல்லியே காரியத்தைக் கெடுக்கத் தெரிந்தவர். அதே சபையில் மாசிலாமணி என்று ஒரு விகடக்காரர் இருந்தார். எந்த வழக்கானாலும் ராஜா கடைசியில் அவரைப் பார்த்து, நீ என்ன சொல்கிறாய் என்று கேட்பார். அது மந்திரிக்கு வயிற்றெரிச்சல். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழும் என்று கண்டுகொண்ட மந்திரி எழுந்து நின்றார்.

"மகாராஜாவின் திருவுள்ளம் மிக உயர்ந்தது. அடியேனுக்கு இரண்டே விண்ணப்பங்கள். சாரட்டு ஓடும் வழியில் ஒரு விரற்கடையும் குறையக் கூடாது. வீதியில் நிற்கும் எதையும் யாரும் அசைக்கக் கூடாது. வீடும் கடையும் மரமும் ஜனங்களுடைய சொத்து அல்லவா? இவ்வளவு நுட்பமான வேலையைச் செய்ய மாசிலாமணியை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?"

வழி கிடைத்தால் போதும் என்றிருந்த ராஜா இரண்டுக்கும் சம்மதித்தார். பௌர்ணமிக்குள் முடியாவிட்டால் மாசிலாமணி உத்தியோகத்தையும் ஊரையும் விட்டுப் போக வேண்டும் என்று மந்திரி மெல்லச் சேர்த்தார். அதற்கும் சம்மதம் கிடைத்தது. அந்த உத்தியோகத்துக்கு மந்திரியின் மைத்துனர் குஞ்சிதபாதம் வெகுகாலமாகக் காத்திருந்தார். அவருக்கு விகடம் வராது. காத்திருக்க நன்றாக வரும்.

மாசிலாமணி ஒன்றே ஒன்று கேட்டார். இரண்டு விதிகளையும் ஓர் எழுத்துக்கூட மாறாமல் பறையறைந்து சொல்ல வேண்டும், அவற்றை யாரும் மீறாமல் பார்த்துக்கொள்ள வீதியில் காவலர்களை நிறுத்த வேண்டும் என்றார். தன்னைக் கட்டிப்போடும் விதிகளுக்குத் தானே காவல் கேட்கும் முட்டாளை மந்திரி அன்றுதான் பார்த்தார். காவலர்களைத் தானே தேர்ந்தெடுத்து அனுப்பினார்.

மாசிலாமணிக்கு உள்ளூரக் கலக்கம்தான். வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். இரண்டு பக்கமும் வீடுகள், கடைகள். இடிக்க முடியாது. நடுவில் வண்டிகள் ஓடும் வழி. குறைக்க முடியாது. ஒருநாள் உண்ணாமுலை கையில் கட்டோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போவதைப் பார்த்தார். நின்றிருந்த ஒரு சாரட்டின் படியில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். வண்டிக்குள் வண்டிக்காரன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டார். அதற்கப்புறம் பௌர்ணமி வரைக்கும் அவர் அந்த வேலையைத் தொடவே இல்லை.

சும்மா இருக்கும் மாசிலாமணியைக் கண்டு மந்திரிக்குச் சந்தேகம் வந்தது. பௌர்ணமியன்று எல்லாப் பிரபுக்களும் வீட்டிலிருக்கும் வண்டிகளை, அச்சு முறிந்தவை உட்பட, கொண்டுவந்து ஓரத்தில் இடைவெளி இல்லாமல் நிறுத்த வேண்டும், பொழுது சாயும் வரை ஒன்றும் நகரக் கூடாது என்று ரகசியமாகச் சொல்லி அனுப்பினார். அப்படியே நிறுத்தினார்கள். சில வண்டிகளை ஆட்களே தூக்கிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

மாசிலாமணி சுண்ணாம்பு வாளியோடு வந்தார். நின்ற வண்டிகளின் சக்கரத்தை ஒட்டினாற்போல, அரண்மனை வாசலிலிருந்து சந்தை வரைக்கும் வீதியின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு இழுத்தார். கையைக் கழுவிவிட்டு ஒரு புங்கமரத்தடியில் படுத்துத் தூங்கினார்.

மாலையில் ராஜா சபையோடு வாசலுக்கு வந்தார்.

"சைக்கிள் வழி தயார், மகாராஜா. கோட்டுக்கும் வீடுகளுக்கும் நடுவே இருப்பது அதுதான்" என்றார் மாசிலாமணி.

"அதில் சாரட்டுகள் அல்லவா நிற்கின்றன?" என்றார் ராஜா.

"நிற்கின்றன. நிற்கும் எதையும் அசைக்கக் கூடாது என்பது உத்தரவு. அடியேன் அசைக்கவில்லை."

சாரட்டு வழியை அபகரித்துவிட்டான் என்று மந்திரி வாதாடினார். கோட்டுக்கு அந்தப் பக்கம் இன்றைக்கு எந்தச் சாரட்டாவது ஓடியதா என்று மாசிலாமணி கேட்டார். காவலர்கள் உண்மையைச் சொன்னார்கள். ஒன்றும் ஓடவில்லை. மந்திரியாரே ஓடக் கூடாது என்று சொல்லியிருந்தார்.

ராஜா முகம் சுளித்தார். வழி இருந்தும் யாரும் போக முடியாதென்றால் அது என்ன வழி என்றார். மாசிலாமணி மேற்கே இறங்கும் சூரியனைப் பார்த்தார். பொழுது சாய்ந்தது. பிரபுக்கள் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். குதிரைகள் வந்தன. காவலர்கள் ஈட்டியைக் குறுக்கே நீட்டினார்கள். நிற்பதை அசைக்கக் கூடாது, உத்தரவு என்றார்கள்.

அன்று மாலைதான் மந்திரியின் மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை வீடு பக்கத்து ராஜ்யத்துத் தளபதி வீடு. தாமதத்தைப் பொறுக்காத குடும்பம். மந்திரியின் வீடோ ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. கொஞ்ச நேரம் அவர் கம்பீரமாக நின்றார். பிறகு ராஜாவிடம் வந்தார்.

"மகாராஜா, வீடு நிற்கும், மரம் நிற்கும். சாரட்டு நிற்கும் பொருள் அல்ல. அது ஓடும் பொருள். இந்த உத்தரவு அதற்குப் பொருந்தாது."

"சபையறியச் சொல்லும்" என்றார் ராஜா.

மந்திரி சபையறியச் சொன்னார். மற்றப் பிரபுக்களும் பசியோடு ஆமோதித்தார்கள்.

மாசிலாமணி கைகூப்பினார். "மந்திரியார் வாக்கு முற்றிலும் சரி. ஓடும் பொருள் கோட்டுக்கு உள்ளே நடுவழியில் ஓடட்டும். அந்த வழியில் ஒரு விரற்கடையும் குறையவில்லை. நாளை முதல் கோட்டைத் தாண்டி ஒன்று நின்றால், மந்திரியார் சொன்னபடி அது சாரட்டாக இருக்க முடியாது. வீடாகத்தான் இருக்க வேண்டும். வீட்டை அசைக்கக் கூடாது. சொந்தக்காரர் அதிலேயே குடியிருந்துகொள்ளலாம்."

ராஜா மந்திரியைப் பார்த்தார். மந்திரி குதிரையைப் பார்த்தார். ராஜா சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வண்டிகளை விடச் சொல்லிக் கையை மட்டும்தான் ஆட்ட முடிந்தது.

மறுநாள் எல்லாச் சாரட்டுகளும் பின்பக்கத்து லாயத்துக்குப் போயின. பிரபுக்கள் வியர்க்க விறுவிறுக்க நடந்து சபைக்கு வந்தார்கள். குஞ்சிதபாதம் மட்டும் வெற்றிலை வாங்குவதற்காகக் கோட்டுக்கு அப்பால் கொஞ்சநேரம் வண்டியை நிறுத்தினார். மாலை வரைக்கும் அதிலேயே குடியிருந்தார். கிரகப்பிரவேசம் நல்லபடியாக முடிந்ததா என்று ராஜா ஆள் அனுப்பி விசாரித்தார். அதற்குப் பிறகு யாரும் வீதியில் வீடு கட்டவில்லை. உண்ணாமுலை கை குணமானதும் அந்த வழியில் மணியடிக்காமலே போய்வந்தாள்.

ராஜா மாசிலாமணிக்குப் பட்டாடை போர்த்தி, ஒரு புதுச் சைக்கிளும் பரிசாகக் கொடுத்தார். மாசிலாமணிக்குச் சைக்கிள் ஓட்ட வராது. சபையில் அதைச் சொல்லவும் முடியாது. அவருடைய மனைவி செண்பகவடிவு ஒரே வாரத்தில் பழகிவிட்டாள். அதிலிருந்து தினமும் காலையில் அவள் மிதிக்க, விகடக்காரர் பட்டாடையோடு பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, தலைப்பாகையைக் கையால் பிடித்துக்கொண்டு அரண்மனைக்கு வந்து இறங்கினார். ராஜா மாடத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் சபைக்கு இறங்குவார். அன்றைய வழக்குகளை எல்லாம் சிரித்த முகத்தோடு விசாரிப்பார் என்று அந்த ராஜ்யத்தில் சொல்வார்கள்.