செவலையின் தலைக்கு எந்தப் பதம்

உப்புப் போட்ட மாட்டுத்தலைத் தோலை இருளப்பன் தொட்டி ஓரம் தொப்பென்று போட்டார்.

செத்த விலங்குகளை உயிரோடு நிற்பதுபோல் பாடம் செய்யும் பட்டறை அது. மூன்று வருடமாக அங்கே தொழில் படிக்கிறார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, கற்றுக்கொடுக்கும் மெகருன்னிசாவுக்கு நாற்பது. அவருக்கு அவள் டீச்சர், அவளுக்கு அவர் அண்ணன்.

"உங்க காளை செவலையா?" என்றாள்.

"செவலைதான். கழுநீர்ல பூச்சிமருந்தக் கலந்துட்டான் எதிர்வீட்டுப் பங்காளி. ஊருக்கே தெரியும். சாட்சி சொல்ல ஒரு பய வரல. வாடிவாசல்ல ஒருத்தன் கை பட்டதில்ல டீச்சர் இது மேல."

மெகருன்னிசா தோலின் காதோர முடியைச் சுண்டி இழுத்தாள். கையோடு வரவில்லை.

"ஆத்திரத்துலயும் நேரத்துக்கு உப்புப் போட்டிருக்கீங்க."

"அத விடுங்க. படிகாரமா, ஆவாரம்பட்டையா, குரோம் உப்பா? எதுல பதம் போட்டா ரொம்ப நாள் நிக்கும்?"

"எங்க மாட்டப் போறீங்க?"

"வாசச் சுவத்துல, வெளிப்பக்கமா. மூக்கு விடைச்சு, காதப் பின்னால தள்ளி, மொறைக்கணும். அவன் கதவத் தொறக்கறப்பல்லாம் மொறைக்கணும்."

அவள் மொட்டைமாடிக்கு ஏறினாள். இவரும் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனார்.

கைப்பிடிச் சுவரில் மூன்று தோல்துண்டுகள் ஆணியடித்து வைக்கப்பட்டிருந்தன. எந்த மருந்தானாலும் அவள் அங்கேதான் சோதிப்பாள். முதல் துண்டில் படிகாரம் மழையில் கரைந்து போயிருந்தது. மிச்சத்தைப் புழு தின்றிருந்தது. ஆவாரம்பட்டையில் ஊறியது வெயிலில் பாளம் பாளமாக வெடித்திருந்தது. குரோமில் போட்ட தோல் மட்டும் முழுசாக இருந்தது. ஆனால் அதில் ஒரு முடிகூட மிஞ்சவில்லை.

"ஒரு வருச வெயில். மொட்டைத் தலை மொறைச்சா பங்காளி பயப்பட மாட்டாரு. சிரிப்பாரு."

இருளப்பன் சுவரை ஓங்கி அறைந்தார். "அப்ப மூணு வருசமா என்னத்தத்தான் சொல்லிக் குடுத்தீங்க?"

"மியூசியத்துக்கு வேலை சொல்லிக் குடுத்தேன். பங்காளிச் சண்டைக்குச் சொல்லிக் குடுக்கல."

"கண்ணாடிப் பெட்டி போடறேன்."

"கண்ணாடிக்குள்ள வெயில் இறங்காதா?"

"மேல கூரை போடறேன்."

"ஐப்பசிச் சாரல் கூரையக் கேட்டுட்டா வரும்?"

இருளப்பன் சுவரிலிருந்து கையை எடுத்தார்.

"சரி. வீட்டுக்குள்ளயே மாட்டறேன். அவன் பார்க்காட்டிப் போறான். நடந்தது மறக்கக் கூடாது. ஆனா மொகம் நான் சொன்ன மொகம்தான். அதுல ஒரு மயிரளவு கொறையக் கூடாது. உள்ளன்னா எது?"

"உள்ளன்னா மூணும் நிக்கும். குரோம் எல்லாத்தையும் விட அதிகமா நிக்கும். எந்தச் சுவர்?"

"கூடத்துச் சுவர். அது ஒண்ணுதான் பெருசு."

"அதுக்கு நேர் எதிர்ல?"

"எதிர்ல என்ன, ஒண்ணுமில்ல. பேத்தி உக்காந்து சோறு திங்கிற..."

இருளப்பன் பாதியில் நிறுத்தினார்.

மெகருன்னிசா கீழே இறங்கப் படியில் கால் வைத்தாள்.

"அப்ப குரோம்லயே போட்ருவோம்ணே. அந்தப் புள்ள கல்யாணமாகிப் போற வரைக்கும் அவளையே மொறைக்கும்."