ஆவாரம்பூவில் தேன் வற்றிய கதை

செடி பேசினால் வண்டுக்கும் மனிதருக்கும் புரிந்த அந்தக் காலத்தில், ஆவாரை கிணற்றடித் தோட்டத்தில்தான் இருந்தது. அதன் பூவில் தேனும் உண்டு, மகரந்தமும் உண்டு. ஆனால் தோட்டக்காரி காத்தாயி தண்ணீர் பாய்ச்சப் பாய்ச்ச, இலை பழுத்து உதிர்ந்தது.

“சோறு போட்டால் மெலிகிற பிள்ளையை என்ன செய்ய?” என்று சலித்துக்கொண்டு, அதைப் பெயர்த்து வேலிக்கு வெளியே சரளை மேட்டில் நட்டாள் காத்தாயி.

“போய் வாடி, பொட்டலுக்கு வாக்கப்பட்டவளே!” என்று சிரித்தது மல்லிகை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. கிணறு வறண்டது. மல்லிகையும் சுருண்டது.

கிணற்றின் மரச்சட்டத்தில் துளை போட்டுக் குடியிருந்தாள் கருப்பாயி என்ற கருவண்டு. உள்ளே அவள் பிள்ளை, இன்னும் இறகு முளைக்காத புழு. அதற்குச் சோறு மகரந்தம்தான். தோட்டத்தில் ஒரு பூ இல்லை. தேடி அலுத்து வேலியைத் தாண்டினாள். சரளை மேட்டில் ஆவாரை பச்சைப்பசேல் என்று நின்றது, கிளையெல்லாம் மொட்டு.

“அக்கா, என் பிள்ளை பட்டினி. ஏதாவது கொடு.”

“கொடுக்கிறேன் கருப்பாயி. ஆனால் என் வேரில் இருக்கிற ஈரம் ஒன்றுக்குத்தான் போதும். தேன் என்றால் நீ குடிக்கலாம். மகரந்தம் என்றால் உன் பிள்ளை பிழைக்கும். எதைக் கேட்கிறாயோ அதுதான் இனி என்றைக்கும். பிறகு மாற்ற முடியாது.”

கருப்பாயிக்குத் தொண்டை காய்ந்து கிடந்தது. தேன் என்று கேட்டதுமே நாக்கு ஊறியது.

“மகரந்தம் கொடு அக்கா. என் வயிற்றை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆற்றுக்கு அக்கரையில் எருக்கு பூத்திருக்கிறதாம்; பிள்ளைக்கு ஆகாவிட்டாலும் எனக்குத் தேன் கிடைக்கும்.”

மொட்டுகள் மஞ்சளாக விரிந்தன. ஆனால் மகரந்தம் குட்டிக் குட்டிக் குழல்களுக்குள் பூட்டிக் கிடந்தது. கடித்தாள், பிறாண்டினாள். ஒரு பொடிகூட வரவில்லை.

“என்னக்கா இது, பெட்டியைக் கொடுத்துச் சாவியை வைத்துக்கொண்டாயே!”

“வெக்கைக் காற்று வாரிக்கொண்டு போகுமே என்று பூட்டினேன். திறக்க எனக்கும் தெரியவில்லையடி!”

கருப்பாயி பூவை ஆறு கால்களாலும் கட்டிக்கொண்டு விம்மினாள். உடம்பு அதிர்ந்தது, ‘ம்ம்ம்’ என்று முழங்கியது. குழல்களிலிருந்து மகரந்தம் பீறிட்டு, மஞ்சள் பொடியாக அவள் வயிறெல்லாம் அப்பியது.

“நிறுத்தாதே, இன்னும் அழு!” என்று கத்தியது ஆவாரை.

“இனி எதற்கு அழணும்? பாடுகிறேன்!” என்றாள் கருப்பாயி.

பிள்ளை தின்று கொழுத்தது. மழையும் வந்தது. காத்தாயி மண்வெட்டியோடு சரளை மேட்டுக்கு வந்து நின்றாள்.

“நீதானம்மா தாக்குப்பிடித்தாய். உள்ளே வா, பாத்தி கட்டித் தருகிறேன்.”

“வேண்டாம் தாயே. அங்கே என் கால் ஈரத்தில் ஊறிச் செத்துப்போவேன். இங்கே நிம்மதி.”

காத்தாயி சிரித்துக்கொண்டே மண்வெட்டியைத் தோளில் போட்டாள். அப்போது மரச்சட்டத்திலிருந்து புது வண்டு ஒன்று வெளியே வந்து, இறகை உலர்த்தி, நேரே சரளை மேட்டுக்குப் பறந்தது.

அந்தக் கோடையிலிருந்துதான் ஆவாரை தண்ணீர் ஊற்றாத மேட்டில் செழிக்கிறது. அதன் பூவில் தேன் இல்லை, மகரந்தம் மட்டும்தான். அதுவும், கட்டிக்கொண்டு முழங்குகிற வண்டுக்குத்தான் உதிரும்.